அம்புக் குலுக்கலிலிருந்து கற்பனை அணி வரை: ஒரு கேள்வியின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

2025-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில நாள்களில், இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். பத்தாண்டுகளுக்கு முன் எங்கள் மக்தபில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். வாழைத்தார் விற்று அவருடைய அத்தா சேமித்து வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் கற்பனை அணி கட்டி இழந்திருந்தார். அதை அவர் ஒளிக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறாக இருந்தது.

“ஹஜ்ரத், இது சூது இல்ல, திறமை விளையாட்டுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு. அப்புறம் எப்படி ஹராம்னு சொல்றீங்க?”

நான் சலித்துப்போய், “ஹராம் என்றால் ஹராம்தான், போய்த் தவ்பா செய்” என்றேன். அவர் தலை குனிந்து சென்றார். அதன் பின் பல மாதங்கள் ஜும்ஆவுக்குக்கூட எங்கள் பள்ளிக்கு வரவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்குச் சென்றதாகக் கேள்விப்பட்டேன். நான் சொன்ன தீர்ப்பில் பிழை இல்லாதிருக்கலாம். ஆனால் கேட்டவருக்கு அது பதிலாக அமையவில்லை. அவர் கேட்டது நேர்மையான கேள்வி. அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருந்தது. அந்த வரலாற்றை நான் அறிந்திருக்கவில்லை என்பதே உண்மை. அன்றிலிருந்து நான் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறேன். இது ஃபத்வா அன்று. ஃபத்வாவுக்கு முஃப்திகளை நாடுவதே முறை. இது ஓர் ஆசிரியர் தாம் தாமதமாகக் கற்ற பாடம்.

கற்பனை அணி என்றால் என்ன?

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் கன்னிவாடியில் பெரியவர்கள் பலருக்கு இந்த ஆட்டமே புதிது. ஆகவே முதலில் அதை விளக்கிவிடுகிறேன்.

ஃபேன்டஸி ஃபுட்பால் எனப்படும் இவ்விளையாட்டில் நாம் மைதானத்தில் இறங்குவதில்லை. உண்மையான போட்டிகளில் ஆடும் வீரர்களிலிருந்து நமக்கென ஓர் அணியைத் தாளில் அல்லது திரையில் தேர்ந்தெடுக்கிறோம். அவ்வீரர்கள் களத்தில் செய்வதற்கேற்ப நம் அணிக்குப் புள்ளிகள் கிடைக்கின்றன. உலகில் மிகுதியாக ஆடப்படுவது இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நடத்தும் இலவச ஆட்டம். அது 2002-ஆம் ஆண்டு தொடங்கியது; இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட அணிகள் அதில் பதிவாகின்றன.

அதன் விதிகளை எனக்குக் கற்பித்தவர்கள் என் மக்தப் மாணவர்கள். 2025 ஆகஸ்டில் புதிய பருவம் தொடங்கியபோது எட்டுச் சிறுவர்கள் சேர்ந்து தங்களுக்குள் ஒரு சிறு லீக் அமைத்தார்கள். “ஹஜ்ரத், நீங்களும் சேருங்க” என்றார்கள். தெரியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி ஒருவரை இழந்தது நினைவில் இருந்ததால், சேர்ந்தேன்.

பத்துக் கோடி பவுண்டு என்று ஒரு கற்பனைத் தொகை தரப்படுகிறது. அதற்குள் பதினைந்து வீரர்களை வாங்க வேண்டும்: இரண்டு கோல்காப்பாளர், ஐந்து தடுப்பாட்டக்காரர், ஐந்து நடுக்கள வீரர், மூன்று முன்கள வீரர். ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் எடுக்கக் கூடாது. பதினொருவர் ஆடுவர், நால்வர் மாற்று வரிசையில் இருப்பர். முன்கள வீரர் கோல் அடித்தால் 4 புள்ளி, நடுக்கள வீரர் அடித்தால் 5, தடுப்பாட்டக்காரர் அடித்தால் 6. கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தவருக்கு 3. எதிரணி கோல் எதுவும் போடாமல் காத்தால் தடுப்பாட்டக்காரருக்கும் கோல்காப்பாளருக்கும் 4. மஞ்சள் அட்டைக்கு ஒரு புள்ளி குறையும், சிவப்பு அட்டைக்கு மூன்று. நாம் தலைவராகக் குறிக்கும் வீரரின் புள்ளி இரட்டிப்பாகும். வாரம் ஒரு வீரரை இலவசமாக மாற்றலாம். அதற்கு மேல் மாற்றும் ஒவ்வொருவருக்கும் 4 புள்ளி கழியும்.

என் முதல் அணியைக் கண்டு சிறுவர்கள் சிரித்தார்கள். பெயர் பெற்ற முன்கள வீரர்களுக்கே பெரும்பணத்தைச் செலவிட்டுவிட்டு, மலிவானவர்களைத் தடுப்பில் நிறுத்தியிருந்தேன். அவர்களில் இருவர் களத்தில் இறங்கவே இல்லை. சென்ற வாரம் கோல் அடித்தவரை இந்த வாரம் வாங்கினேன்; அவர் அடிக்கவில்லை. அவரை விற்ற மறுவாரம் அடித்தார். “முடிஞ்ச மேட்ச்சைப் பார்த்து வாங்காதீங்க ஹஜ்ரத், வரப்போற மேட்ச்சைப் பாருங்க” என்று பதின்மூன்று வயது மாணவன் எனக்கு நிர்வாகம் சொல்லிக் கொடுத்தான். எவர் வாரந்தோறும் முழு நேரம் ஆடுகிறார், அடுத்த ஐந்து போட்டிகளில் எந்த அணியை எதிர்கொள்கிறார், எவர் காயமுற்றிருக்கிறார், எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் கணக்கிட வேண்டியிருந்தது. இதில் அறிவுக்கும் பொறுமைக்கும் இடமுண்டு என்பதை நான் மறுக்க மாட்டேன்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. எகிப்தைச் சேர்ந்த முஹம்மது ஸலாஹ் 2017-18 பருவத்தில் 32 கோல்கள் அடித்து, இந்த ஆட்டத்தில் 303 புள்ளிகள் பெற்றார். 2024-25 பருவத்தில் 29 கோல்களும் 18 உதவிகளுமாக 344 புள்ளிகள் பெற்று முந்தைய சாதனைகளை எல்லாம் கடந்தார். கோல் அடித்ததும் ஸஜ்தாவில் விழும் ஒருவரைத் தம் அணித் தலைவராக வைத்துக்கொள்ளும் மகிழ்ச்சியை நான் அந்தச் சிறுவர்களின் முகங்களில் கண்டேன். அவர்கள் லீக்கில் பணம் ஏதும் இல்லை. ஆனால் ஒரு விதி இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

உணவு மேசையில் பிறந்த ஆட்டம்

இதன் தோற்றம் அமெரிக்காவில். 1962-ஆம் ஆண்டு ஓக்லாந்து நகரின் அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், கழக ஊழியர் ஒருவருடனும் செய்தியாளர் ஒருவருடனும் நியூயார்க் விடுதி ஒன்றில் அமர்ந்து இதற்கான விதிகளை வகுத்தார். மறு ஆண்டு எட்டு அணிகளுடன் முதல் லீக் நடந்தது. அவர்கள் சென்ட் கணக்கில் சில்லறை வைத்தே ஆடினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். விளையாட்டும் காசும் தொடக்கம் முதலே ஒன்றாகப் பிறந்தன.

1980-இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் பேஸ்பால் ஆட்டத்துக்கு இதைப்போன்ற ஒன்றை அமைத்தார்கள். குறிப்பிட்ட தொகை வரம்புக்குள் ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கும் முறை அது. இத்தாலியில் ரிக்கார்டோ அல்பினி 1990-ஆம் ஆண்டு வாக்கில் கால்பந்துக்கு அதைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் 1991-இல் ஆண்ட்ரூ வைன்ஸ்டீன் தொடங்கிய நிறுவனம் அஞ்சல் வழியே நடத்தியது. 1994-இல் நாளிதழ்களும் தொலைக்காட்சியும் அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தன.

அந்நாளில் ஒரு பருவம் முழுவதும், ஒன்பது மாதங்கள், ஓர் அணியைப் பேணிக் காப்பதே ஆட்டமாக இருந்தது. இணையமும் கைப்பேசியும் வந்தபின் இது மாறியது. 2009-க்குப் பிறகு அமெரிக்காவில் ‘தினசரி’ ஆட்டங்கள் பெருகின. காலையில் கட்டணம் செலுத்தி அணி அமைத்தால் இரவிலேயே முடிவு தெரிந்துவிடும். தோற்றவர் மறுநாளே இழந்ததை மீட்க முயலலாம். ஒன்பது மாதப் பொறுமை ஒரு நாள் பதற்றமாகச் சுருங்கியது. இந்த இடத்தில்தான் ஆட்டத்தின் தன்மையே மாறியது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியாவில் 2000-களின் தொடக்கத்தில் ஒரு விளையாட்டுத் தொலைக்காட்சி கிரிக்கெட்டுக்கு இத்தகைய ஆட்டத்தை நடத்தியது. 2008-இல் ட்ரீம்11 நிறுவனம் தோன்றியது. கட்டணம் செலுத்தி ஆடும் போட்டிகள் அதன் வழியே நாடெங்கும் பரவின. 2020-இல் ஐ.பி.எல். தொடரின் பெயர் விளம்பரத்தை அந்நிறுவனம் 222 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2023-இல் இந்திய அணியின் சட்டையில் அதன் பெயர் ஏறியது. உணவு மேசையில் சில்லறை வைத்து ஆடியது, அறுபது ஆண்டுகளில் நம் சிற்றூர் இளைஞரின் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது.

திறமையா, அதிர்ஷ்டமா? நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி

என்னிடம் வந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. நம் நாட்டுச் சட்டம் சூதை அளக்க நெடுங்காலமாக ஒரே அளவுகோலைத்தான் வைத்திருந்தது: முடிவைத் தீர்மானிப்பது திறமையா, தற்செயலா? திறமை மேலோங்கினால் அது சூது அன்று.

1957-இல் பரிசுப் போட்டிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பாகுபாட்டை நிலைநிறுத்தியது. 1967-இல் ஆந்திர வழக்கொன்றில் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றது. நம் தமிழ்நாட்டுக்கே உரிய வழக்கும் ஒன்று உண்டு. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் இங்கே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்ததே என்று கூறி, பந்தயக் கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இந்த வழியில் 2017-இல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றத்தின் முன் கற்பனை அணி ஆட்டம் வந்தது. பணம் இழந்த ஒருவர் தொடுத்த வழக்கு அது. அணியைத் தேர்ந்தெடுக்க அறிவும் மதிப்பீடும் வேண்டும். ஆகவே இது சூது அன்று என்று தீர்ப்பாயிற்று. அவ்வாண்டே உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அந்த இளைஞர் சுட்டியது இதைத்தான்.

தமிழ்நாட்டில் இழுபறி நீடித்தது. 1968-இல் அரசே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியதையும், 2003 ஜனவரியில் லாட்டரி விற்பனை முற்றிலும் தடை செய்யப்பட்டதையும் நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று கடைவீதியில் சீட்டைச் சுரண்டிக்கொண்டு நின்றவர்களின் வீடுகள் எப்படி இருந்தன என்பதையும் அவர்கள் அறிவார்கள். இணையச் சூதுக்கு எதிராக 2021-இல் வந்த சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022-இல் மீண்டும் சட்டம் இயற்றப்பட்டது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் பேரவை மறுபடியும் நிறைவேற்றி, ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் தடை அட்டவணையில் ரம்மியும் போக்கரும் இருந்தன. கற்பனை அணி ஆட்டம் இல்லை. 2023 நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களாகக் கருதிய அந்த அட்டவணையை நீக்கியது. மறுபடியும் அதே அளவுகோல்: திறமையா, அதிர்ஷ்டமா?

மார்க்கம் கேட்ட கேள்வி

இனி நம் பாரம்பரியத்துக்கு வருவோம். குர்ஆன் சூதுக்குப் பயன்படுத்தும் சொல் ‘மைஸிர்’. அது என்ன ஆட்டம்?

அறியாமைக் கால அரபிகள் குளிர்காலப் பஞ்சத்தில் ஓர் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுத்துப் பங்கிடுவார்கள். ஒரு பைக்குள் பத்து அம்புகள் இருக்கும். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு உண்டு. ஃபத்து என்னும் அம்புக்கு ஒரு பங்கு, தவ்அமுக்கு இரண்டு, இப்படியே ஏறி, முஅல்லாவுக்கு ஏழு. மீதி மூன்றும் வெற்று அம்புகள். ஒவ்வொருவரும் ஓர் அம்பைத் தமக்கென எடுத்துக்கொள்வார். பையைக் குலுக்கி அம்புகளை ஒவ்வொன்றாக உருவுவார்கள். எவர் அம்பு வந்ததோ அவருக்கு இறைச்சி. எவர் அம்பு வரவில்லையோ அவர் ஒட்டகத்தின் விலையைச் செலுத்த வேண்டும். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு குதைபா இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அந்த ஆட்டம் அதற்குள் வழக்கொழிந்துவிட்டதால், பழைய கவிதைகளில் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் தொகுத்துத்தான் அவர் அதை விளக்க வேண்டியிருந்தது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. வென்றவர்கள் பெரும்பாலும் அந்த இறைச்சியைத் தாம் உண்ணவில்லை; ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். தானே உண்பது இழிவாகக் கருதப்பட்டது. பசித்தவர் வயிறு நிறைந்தது. அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவற்றின் பாவம் பயனைவிடப் பெரியது என்றே அறிவிக்கிறது. பின்னர் அல்மாயிதாவின் 90, 91-ஆம் வசனங்கள் முழுத்தடை விதிக்கும்போது காரணங்களையும் சொல்கின்றன. மனிதரிடையே பகையும் வெறுப்பும் மூளும். இறைநினைவும் தொழுகையும் தடைப்படும்.

சிந்தித்துப் பாருங்கள். திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி அந்த வசனங்களில் இல்லை. ஏழைக்குச் சோறு போட்ட ஆட்டமே விலக்கப்பட்டது. நம் ஃபிக்ஹு அறிஞர்கள் இதிலிருந்து எடுத்த அளவுகோல் இதுதான்: ஆடுகிற ஒவ்வொருவரும் தம் பொருளை வைத்து, ஒருவரின் ஆதாயம் மற்றவரின் இழப்பாக அமையுமானால் அது ‘கிமார்’, அதாவது சூது. திறமை அதிகமாக இருந்தாலும் அது மாறாது.

இதற்குச் சான்று, திறமை மிக்க ஆட்டங்களைப் பற்றிய சட்டங்களிலேயே உள்ளது. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரையும், பயிற்சி பெறாதவை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் ஓடின. இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப் போட்டியிட்ட செய்தியும் நாம் அறிந்ததே. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றிலும் பரிசு வைத்துப் போட்டியிட அனுமதி உண்டு என்பது ஹதீஸின் கருத்து. இவற்றைவிடத் திறமை ஆட்டம் எது? ஆயினும் இவற்றிலுங்கூட அறிஞர்கள் ‘பரிசு எங்கிருந்து வருகிறது?’ என்றே கேட்டார்கள். ஆட்சியாளரோ மூன்றாம் ஒருவரோ கொடுத்தால் ஆகும். போட்டியாளரில் ஒருவர் மட்டும் வைத்தாலும் ஆகும். இருவருமே வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் ஆகாது. அப்போது பொருள் வைக்காத, ஆனால் வெல்லக்கூடிய மூன்றாவது போட்டியாளர் ஒருவர் சேர வேண்டும் என்று பெரும்பாலோர் நிபந்தனையிட்டனர். அவருக்கு ‘முஹல்லில்’ என்று பெயர். குதிரை, அம்புப் போட்டிகளில் அந்த நிபந்தனை தேவையில்லை என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) வாதிட்டதும் உண்டு. இத்தனை நுணுக்கமாக அவர்கள் விவாதித்தது பணம் வரும் வழியைப் பற்றித்தான்.

தாம் இறங்காத களத்தின் மீது பந்தயம் வைப்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. ரோமர்கள் தோற்றபோது, சில ஆண்டுகளில் அவர்கள் வெல்வார்கள் என்று அர்ரூம் அத்தியாயம் முன்னறிவித்தது. அதை நம்பி அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்கத்து இணைவைப்பாளர்களிடம் பந்தயம் கட்டினார்கள், ரோமர்கள் வென்றார்கள். ஆனால் அது சூது தடை செய்யப்படுவதற்கு முந்தைய நிகழ்ச்சி என்று அறிவிப்பாளர்கள் தெளிவாகக் குறிப்பிடுகின்றனர். இறைவாக்கின் மீது உறுதி கொண்டு கட்டிய பந்தயமே பின்னாளில் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படவில்லை என்றால், ஒரு வீரரின் முழங்கால் காயத்தைக் கணித்துக் கட்டும் பந்தயத்தை என்னென்பது?

பணமே வைக்காத ஆட்டங்களில் கருத்து வேறுபாடுகள் இருந்தன. சதுரங்கத்தைப் பணம் இன்றி, தொழுகை தவறாமல் ஆடினால் ஷாஃபிஈ மத்ஹபில் அது வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிற்கிறது; ஹனஃபி மத்ஹபில் கண்டிப்பு இன்னும் கூடுதல். நம் மாவட்டத்து ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் ஷாஃபிஈகள். ஆகவே ஒரே வினாவுக்கு இரண்டு ஊர்களில் இரண்டு தொனியில் விடை கிடைப்பதும் இயல்பே. ஆனால் இரு தரப்பும் பணம் வைத்தால் அது சூது என்பதில் எந்த ஊரிலும் வேறுபாடு இல்லை.

நாட்டுச் சட்டமும் அங்கே வந்து சேர்ந்தது

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதன் மையமான வரையறையைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அமர்ந்திருந்தேன். திறமை, தற்செயல், இரண்டின் கலப்பு எதுவாயினும், பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடுவதே ‘பண ஆட்டம்’ என்கிறது அது. அத்தகைய ஆட்டத்தை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. பணம் கட்டி ஆடியவரைத் தண்டிக்கவில்லை. கற்பனை அணி நிறுவனங்கள் உடனே பணப் போட்டிகளை நிறுத்தின. இந்திய அணியின் சட்டையிலிருந்தும் அந்தப் பெயர் இறங்கியது. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன.

சட்டம் நாளை மாறலாம். நீதிமன்றம் வேறு தீர்ப்பும் அளிக்கலாம். நம் ஹலால், ஹராம் அதைப் பொறுத்தது அன்று. ஆயினும் எழுபது ஆண்டுகளாகத் திறமையா, அதிர்ஷ்டமா என்று கேட்டு வந்த சட்டம், இறுதியில் ‘பணம் யாருடையது, இழப்பவர் யார்’ என்ற கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஏனெனில் திறமை என்ற சொல்லே இளைஞரை ஏமாற்றுகிறது. தற்செயல் ஆட்டத்தில் தோற்றவர் விதியை நொந்து எழுந்துவிடக் கூடும். திறமை ஆட்டம் என்று நம்புகிறவர், அடுத்த முறை இன்னும் நன்றாகக் கணக்கிட்டால் வென்றுவிடுவேன் என்று எண்ணி மீண்டும் அமர்கிறார். அவர் எத்தனை திறமையாகத் தேர்ந்தாலும், இலட்சக்கணக்கானவர் கட்டும் போட்டியில் நிறுவனம் தன் பங்கை எடுத்தபின் மிஞ்சுவதைத்தான் சிலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மற்ற எல்லோருடைய பணமும்தான் அந்தச் சிலரின் பரிசு.

பரோட்டா விதி

இப்போது என் மாணவர்களின் லீக்குக்குத் திரும்புகிறேன். அவர்களுடைய ஆட்டம் இலவசம், பரிசும் இல்லை. ஆனால் மூன்றாவது வாரத்தில்தான் ஒரு விதி எனக்குத் தெரிய வந்தது. மாதக் கடைசியில் கடைசி இடம் பிடித்தவர், மற்ற அனைவருக்கும் பரோட்டாவும் சால்னாவும் வாங்கித் தர வேண்டும். அந்த மாதம் கடைசி இடத்தில் இருந்தது நான்தான்.

அவர்களை உட்கார வைத்து ஒட்டகமும் பத்து அம்புகளும் பற்றிய கதையைச் சொன்னேன். அம்பு வராதவர் விலையைக் கொடுக்க, மற்றவர்கள் இறைச்சியை எடுத்துக்கொண்டார்கள் என்றதும், நான் ஏதும் விளக்குவதற்கு முன்பே அந்தப் பதின்மூன்று வயது மாணவன், “அப்ப நம்ம பரோட்டாவும் அதேதானே ஹஜ்ரத்?” என்றான். ஆமாம் என்றேன். சற்று நேரம் யோசித்து அவர்களே முடிவு செய்தார்கள்: வென்றவரும் தோற்றவரும் ஒரே தொகை போட்டு, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. இலவசம் என்பதாலேயே ஒன்று சூதிலிருந்து விலகிவிடாது. நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு வென்றவருக்குக் கொடுத்தாலும் அது கிமார்தான். செயலி மாறினாலும் பெயர் மாறினாலும் பெற்றோர்கள் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “தோற்றால் யார் பணம் போகிறது?”

இரண்டாவது கேள்வி, நேரம் பற்றியது. பணமே இல்லாவிட்டாலும் அல்மாயிதாவின் வசனம் சொன்ன இரண்டாவது காரணம் நீங்கிவிடுவதில்லை. சனிக்கிழமை முதல் போட்டிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன் அணியை இறுதி செய்ய வேண்டும். நம் நாட்டு நேரப்படி அது பெரும்பாலும் பிற்பகல் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நான்கரை. அஸர் வேளையை ஒட்டிய நேரம். சில போட்டிகள் இரவு பன்னிரண்டரைக்கு மேல் தொடங்குகின்றன. அதைப் பார்த்துவிட்டு உறங்குகிறவர் ஃபஜ்ருக்கு எழுவது எப்படி? எங்கள் லீக்கில் வெள்ளிக்கிழமை இரவே அணியை முடித்துவிடுவது என்றும், நள்ளிரவுப் போட்டிகளின் முடிவை ஃபஜ்ருக்குப் பின் பார்த்துக்கொள்வது என்றும் வைத்துக்கொண்டோம். அதனால் சில புள்ளிகளை இழக்கிறோம். இன்னொன்றும் செய்தோம்: வாரத்தில் இரண்டு நாள் அஸருக்குப் பின் உண்மையான பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிறோம். என் மூச்சு வாங்குவதைக் கண்டு அவர்கள் மீண்டும் சிரிக்கிறார்கள்.

செயலியில் பணம் இழந்த அந்த இளைஞரை நானே தேடிச் சென்றேன். முதலில், அன்று அவரை அனுப்பிவிட்ட விதத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அவர் கேட்ட கேள்விக்கு இங்கே எழுதியவற்றைச் சொன்னேன்: நீதிமன்றம் கேட்ட கேள்வி வேறு, நம் மார்க்கம் கேட்ட கேள்வி வேறு, அதனால்தான் இரண்டு விடைகள் வந்தன. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன் ஹஜ்ரத்” என்றார். அந்தச் சொல் எனக்குச் சுமையாகவே இருக்கிறது. அத்தாவின் பணத்தை மாதந்தோறும் சிறுகச் சிறுகத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறார். அடுத்த ஜும்ஆவில் முதல் வரிசையில் அவரைக் கண்டேன்.

நம் பிள்ளைகள் கேள்வி கேட்டால், அது எவ்வளவு புதிய ஆட்டத்தைப் பற்றியதாயினும், கோபம் கொள்ளாமல் கேட்போம், தெரியாததைக் கற்போம், கற்றபின் சொல்வோம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் பொருளையும் நேரத்தையும் ஈமானையும் பாதுகாப்பானாக! அவர்களுக்கு விளங்கும் மொழியில் உண்மையை எடுத்துச் சொல்லும் ஆற்றலை நமக்கு அருள்வானாக! ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.